காட்டோர நிலத்துக்கு ஒரு பழைய சின்ன ட்ராக்டர்
(தொம்மலூரில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேம்பாலத்துக்குக் கீழே வண்டிகள் நகராமல் நிற்கிற தொம்மலூரில் உட்கார்ந்து ட்ராக்டரைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம். ஆனால் இதே ஊரில், இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், சொக்கநாதர் கோயில் சுவரில் நிலக்கொடையைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இது உழுத ஊர். இப்போது உழவு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. இந்த அரங்கில் தளியிலோ தேன்கனிக்கோட்டையிலோ இரண்டு, மூன்று ஏக்கர் வாங்கிப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பாதிக் கை மேலே போகும் என்று நினைக்கிறேன்.

அதற்குக் காரணமும் உண்டு. கர்நாடகத்தில் 1961-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்குவதைத் தடுத்து வைத்திருந்தன. 2020-இல்தான் அவை நீக்கப்பட்டன. அதுவரை பெங்களூரில் சம்பாதித்து மண் மேல் ஆசைப்பட்டவர்களுக்கு அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டுவதுதான் வழி. அப்படித் தாண்டி வாங்கிய நிலங்களில் பல காப்புக்காட்டு ஓரத்தில் இருக்கின்றன. விலை குறைவு, காற்று நல்ல காற்று, யானையும் வரும்.

இப்படிக் காட்டை ஒட்டிய நிலத்தில் ட்ராக்டருக்கு என்ன வேலை என்பதை வேறொரு நாட்டிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் சிலர் மான் வேட்டைக்கென்றே காட்டு நிலம் வாங்குகிறார்கள். அதில் பாதை வெட்டுவார்கள், மான் வந்து மேய தீவனப் புல் விதைப்பார்கள், புதரைக் கழிப்பார்கள். இதற்கெல்லாம் அவர்கள் தேடுவது பழைய சின்ன ட்ராக்டர். நமக்கு அந்த வேட்டை கிடையாது. நீலகிரியில் 1879-லேயே வேட்டையைக் கட்டுப்படுத்திச் சட்டம் வந்துவிட்டது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவைப் பெரும்பாலும் சாத்தியது. ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியைப் பற்றி 1954-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதிய வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் பெங்களூர்க்காரர். அந்தச் சட்டம் வந்து இரண்டே ஆண்டில் அவரும் காலமானார். காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு 2025-இல் தமிழக அரசு ஒரு நடைமுறை வகுத்தபோதுகூட, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் மட்டும், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும் என்றுதான் வைத்தது. ஆகவே துப்பாக்கி இல்லை. ஆனால் வேலை அதே வேலைதான்: புதர் கழிப்பது, பாதை திறந்து வைப்பது, வேலி ஓரத்தைச் சுத்தமாக வைப்பது. அவர்கள் விலங்கு வரட்டும் என்று செய்வதை நாம் விலங்கு வராமல் இருக்கட்டும் என்று செய்கிறோம்.

வேலி ஓரம் என்றேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எந்த வண்டி வாங்குவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. சோலார் வேலியில் கம்பிக்குள் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. நொடிக்கு ஒரு துடிப்பாக, அதிக வோல்டேஜில், மிகக் குறைந்த நேரத்துக்குப் போகிறது. அடிக்கும், கொல்லாது. அந்தத் துடிப்புக்குப் பரம எதிரி புல். அடிக்கம்பியில் பச்சைப்புல்லோ உண்ணிச்செடிக் கிளையோ பட்டால் மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். ஐம்பது இடத்தில் இப்படிக் கசிந்தால் யானைக்குத் துதிக்கையில் கூச்சம்கூட வராது. அப்போதுதான் சிலருக்கு மெயின் லைனிலிருந்து நேராகக் கொக்கி போடும் புத்தி வருகிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படிப் போட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன; இரண்டு குட்டிகள் மட்டும் மிஞ்சின. அது குற்றம், சிறைக்குப் போகும் குற்றம். அதே ஆண்டு தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்ய விதிகளும் கொண்டுவந்தது. ஒழுங்கான வேலி போட்டு, அதன் ஓரத்தில் ஐந்தடிப் பட்டையைப் புல் இல்லாமல் வைத்திருந்தால் அந்தப் புத்தி வரவே வராது.

எனவே நமக்கு வேண்டியது உழும் வண்டி அல்ல, வெட்டும் வண்டி. கடைக்காரர் முதலில் ரொட்டாவேட்டரைத்தான் காட்டுவார். காட்டோர நிலத்தை ரொட்டாவேட்டரால் கொத்திக் கொத்திப் புரட்டினால் மழையில் மண் ஓடும், பார்த்தீனியம் இரட்டிப்பாக முளைக்கும். மண்ணைக் கிளறாமல் மேலே மட்டும் அறுக்கும் ஸ்லாஷர்தான் இந்த நிலத்தின் கருவி. கருவியை முதலில் தீர்மானியுங்கள், வண்டி அதற்குப் பின்னால் தானாக வந்து நிற்கும்.

கணக்கு எளிது. ஸ்லாஷரின் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் பி.டி.ஓ.வில், அதாவது கருவியைச் சுழற்றும் பின்தண்டில், ஏறக்குறைய 5 ஹெச்.பி. வேண்டும். எஞ்சினில் 24 ஹெச்.பி. என்று எழுதியிருந்தால் பி.டி.ஓ.வுக்கு வருவது 20 சொச்சம்தான். ஆக நான்கடி ஸ்லாஷர். மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் போனால், திருப்பம், வெட்டிய வரிசை மேல் மறுபடி கொஞ்சம் விழுவது எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம். மூன்று ஏக்கரும் வேலி ஓரமும் ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். 15 ஹெச்.பி., ஒற்றை சிலிண்டர் வண்டிகள் இருக்கின்றன: மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717. தோட்டத்தில் மருந்தடிக்கவும், சின்ன டிரெய்லர் இழுக்கவும் தங்கமான வண்டிகள். ஆனால் ஆளுயரம் வளர்ந்த உண்ணிச்செடிக்குள் விட்டால் திணறும். வி.எஸ்.டி. 180டி 18.5 ஹெச்.பி., மூன்று சிலிண்டர். அதற்கு மேலே 24 ஹெச்.பி.யில் மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா பி2441. இரண்டும் நான்கு சக்கர இழுவை. ஜான் டீர் 3028 இன்னும் கொஞ்சம் பெரிது. என்னைக் கேட்டால், சரிவு இருக்கிற நிலத்துக்கு 22-லிருந்து 28-க்குள், நான்கு சக்கர இழுவையோடு பாருங்கள். சமதளமாகவும் புதர் குறைவாகவும் இருந்தால் பழைய 180டி போதும்.

வி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. வி.எஸ்.திருவேங்கடசாமி முதலியார் 1911-இல் இதே பெங்களூரில் தொடங்கிய குடும்ப வியாபாரம் அது. 1967-இல் மிட்சுபிஷியோடு சேர்ந்து பவர் டில்லர் செய்ய இறங்கினார்கள். நம் ஊர் வண்டி என்ற பாசத்துக்காகச் சொல்லவில்லை. உதிரிப் பாகம் ஜே.சி. ரோட்டிலும் ஓசூரிலும் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். குபோட்டா எஞ்சின் அருமையானது, யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் பாகத்தின் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இனி ஒரு முக்கியமான விஷயம். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், சில சமயம் அவருக்கே தெரியாது. பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் கிளட்ச் ஒன்றுதான். அதாவது சக்கரத்துக்குப் போகும் சக்தியும் பி.டி.ஓ.வுக்குப் போகும் சக்தியும் ஒரே கிளட்ச் வழியாகப் போகின்றன. மருந்துப் பம்புக்கு இதனால் ஒன்றும் கெடுதலில்லை. ஸ்லாஷருக்கு இது ஆபத்து. ஸ்லாஷரின் கத்தியும் அது தொங்கும் தட்டும் கனமானவை. ஒரு முறை சுழல ஆரம்பித்தால் உடனே நிற்காது. வேலிக் கம்பம் முன்னே வருகிறது, நீங்கள் கிளட்சை மிதிக்கிறீர்கள். எஞ்சின் விலகிவிடும். ஆனால் பின்னால் சுழன்றுகொண்டிருக்கும் அந்தக் கனம் பி.டி.ஓ. தண்டு வழியாக கியர் பெட்டிக்குள் புகுந்து சக்கரத்தைத் தள்ளும். கிளட்சை முழுக்க மிதித்தபடியே வண்டி கம்பத்தின் மேல் ஏறும். பிரேக் இரண்டையும் சேர்த்து மிதித்தாலும் ஒரு கணம் வேண்டும். இதற்கு மருந்து, பி.டி.ஓ. தண்டில் மாட்டுகிற ஒருவழிக் கப்ளிங். எஞ்சின் கருவியைச் சுழற்றலாம், கருவி எஞ்சினையோ சக்கரத்தையோ சுழற்ற முடியாது. சின்னப் பாகம்தான். இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டி கிடைத்தால் இந்தக் கவலை பெரிதும் தீரும். ஒற்றைக் கிளட்ச் வண்டி என்றால் கப்ளிங்கை வாங்கி மாட்டிவிட்டு அப்புறம் ஸ்லாஷரைத் தொடுங்கள்.

சரி, பழைய வண்டியை எப்படிப் பார்ப்பது? பெரும்பாலும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எந்த வருஷத்து வண்டி? இரண்டாவது, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? இரண்டுமே பாதிக் கேள்விகள். பழைய மெக்கானிக்கல் மீட்டர் கடிகாரம் பார்த்து ஓடுவதில்லை; எஞ்சின் சுற்றைப் பார்த்து ஓடுகிறது. குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் ஓடினால்தான் ஒரு மணிக்கு ஒரு மணி காட்டும். பாதி வேகத்தில் நாள் முழுக்க ஓடிய வண்டி அதில் பாதியைத்தான் காட்டும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் வயதைத் தெரிந்துகொள்வார். அந்த மாடு செக்கில் சுற்றியதா, பாரவண்டி இழுத்ததா என்பதைத் தோளைத் தடவித்தான் தெரிந்துகொள்வார். ட்ராக்டருக்கும் தோள் உண்டு. அந்த வண்டி இதுவரை என்ன வேலை செய்தது என்பதுதான் கேள்வி. பெங்களூரைச் சுற்றி இந்தக் கேள்விக்கு ஊர்ப் பெயரே பாதி விடை.

சிக்கபள்ளாபுரம், தேவனஹள்ளி பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து வண்டி என்று வையுங்கள். கொடி வரிசைக்கு நடுவே போக வேண்டியதால் குறுகலான சின்ன வண்டிதான் அங்கே வாங்குவார்கள். முக்கால்வாசி வேலை மருந்தடிப்பு. பி.டி.ஓ. ஒரே சீரான வேகத்தில் ஓடும், பாரம் அதிகமில்லை, கிளட்ச் தேய்வதில்லை. மீட்டர் 2,500 மணி காட்டினாலும் எஞ்சின் உறுதியாக இருக்கும். ஆனால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அந்த வண்டியின் மேல் வருடக்கணக்கில் பொழிந்திருக்கிறது. பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே வெளிறிய நீலப் பொடி ஒட்டியிருக்கும். வயர் முனைகளைத் தொட்டால் உதிரும். பேட்டரிப் பெட்டியின் அடித்தகடு பல வண்டிகளில் சல்லடையாகியிருக்கும். இவையெல்லாம் சில ஆயிரங்களில் முடிகிற செலவு. ரேடியேட்டரும் வயரிங்கும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள். நம் வேலைக்கு இதைவிட ஏற்ற பழைய வண்டி சுற்றுவட்டாரத்தில் கிடைக்காது என்பது என் எண்ணம். வாங்கியதும் ஒரு காரியம் செய்ய வேண்டும்: தோட்டத்துக்காகக் குறுக்கி வைத்திருக்கும் பின்சக்கரங்களைத் திருப்பி மாட்டி அகலப்படுத்துங்கள். சரிவில் குறுகலான வண்டி உருளும்.

மாலூர் செங்கல் சூளையில் ஓடிய வண்டி வேறு சாதி. அங்கே வேலை டிரெய்லர். பாரத்தோடு புறப்படு, நிறுத்து, மேடு ஏறு, பின்னால் வா. மீட்டர் 1,200 என்று காட்டும், வண்டி பளபளவென்று இருக்கும். கிளட்ச் தட்டும் பிரேக்கும் முடிந்திருக்கும்; முன் அச்சின் நடு பின் ஆடும். இந்த வண்டியின் கிளட்ச் ஹவுசிங்கில் விரிசலை ஒட்ட வைத்த வெல்டிங் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் பேசாமல் டீ குடித்துவிட்டுத் திரும்பி விடுங்கள்.

மண்டியாப் பக்கமோ காவேரி ஓரமோ நெல் வயலில் சேற்றுழவு செய்த வண்டியை நான் எந்த விலைக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றில் முழங்கால் ஆழம் ஓடியதில் அச்சு ஓரத்து ஆயில் சீல்கள் வழியாகத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போயிருக்கும். நான்கு சக்கர இழுவை என்றால் முன் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்களைத்தான் முதலில் தின்னும். வெளியே ஒரு பொட்டு ஈரம்தான் தெரியும். பின்னச்சின் ஆயிலைக் கொஞ்சம் வடித்துக் காட்டச் சொல்லுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் விடை கிடைத்துவிட்டது.

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போங்கள், சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே. போனதும் பேச்சுக்கு முன்னால் எஞ்சினில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து பழக்கிவைத்திருக்கிறார். ஆறிக் கிடக்கும் எஞ்சின் எப்படிப் பற்றுகிறது என்பதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தது. நீலப் புகை நின்றுகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. கறுப்புப் புகைக்கு ஏர் ஃபில்டரே காரணமாக இருக்கலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம். பிறகு லிஃப்ட். ரொட்டாவேட்டரோ வேறு கனமான கருவியோ மாட்டி முழுக்க உயர்த்தி, எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். யாரையும் அடியில் நிற்க விடாதீர்கள். மெதுவாக இறங்கினால் சரி. அணைத்த கையோடு மடமடவென்று தரைக்கு வந்தால் ஹைட்ராலிக் கசிகிறது. நான்கு சக்கர வண்டி என்றால் முன் டயரும் பின் டயரும் கம்பெனி சொன்ன அளவுதானா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் கிடைத்த அளவில் மாற்றியிருந்தால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழன்று முன் அச்சு தேய்ந்துகொண்டே இருந்திருக்கும்.

காட்டோரத்தில் இன்னொரு பழக்கம், வேர்க்கட்டை பிடுங்குவது. உண்ணிச்செடிப் புதரை வெட்டியபின் அதன் கட்டையில் சங்கிலி கட்டி ட்ராக்டரால் இழுப்பார்கள். சங்கிலியை டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ பின்னச்சிலோ கட்டினால், கட்டை வராதபோது பின்சக்கரம் நிலைத்து நிற்கும். எஞ்சின் சக்தி வண்டியின் முகத்தைத் தூக்கும். முன்சக்கரம் மேலே போவதைக் கண்டு கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் வண்டி ஓட்டுபவர் மேல் கவிழ்ந்துவிடும். இழுப்பதானால் பின்சக்கர மையத்துக்குக் கீழே, டிராபார் என்கிற இழுவைக் கம்பியிலிருந்து மட்டும். என் அபிப்பிராயம், இழுக்கவே வேண்டாம், ஜே.சி.பி.யை ஒரு நாள் வாடகைக்குக் கூப்பிடுங்கள். உருண்டால் காக்கும் இரும்பு வளைவு சின்ன வண்டிகள் பலவற்றில் கிடையாது.

காகிதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கே.ஏ. எண் வண்டியை டி.என்.-70-க்கு, அதாவது ஓசூருக்குக் கொண்டுபோவதானால் இங்கிருந்து தடையில்லாச் சான்று, அதற்குப் படிவம் 28. உரிமை மாற்றத்துக்கு 29, 30. கடன் இருந்திருந்தால் படிவம் 35-இல் கையெழுத்து வாங்கி ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு நீங்கிய பின்புதான் பணத்தை எண்ணுங்கள். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு. மானியத்தில் வாங்கிய வண்டியா என்றும் கேளுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். விலைக்கும் ஒரு கணக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் புதிய ட்ராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரியோடு 5.60 லட்சமாக இருந்த புது வண்டி 5.25 லட்சம் ஆகிறது. ட்ராக்டர் டயர், பல உதிரிப் பாகங்களுக்கும் 18-லிருந்து 5. பழைய வண்டிக்காரர் இன்னும் பழைய புதுவிலையை நெஞ்சில் வைத்துப் பேசிக்கொண்டிருப்பார். அந்த 35,000 ரூபாயை அவருக்கு நினைவூட்டலாம்.

இரண்டு ஏக்கருக்குக் கீழே இருந்தால் வாங்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறையே வாடகைக்கு ட்ராக்டர் தருகிறது, உழவன் செயலி வழியாகப் பதிவு செய்யலாம். கிராமத்து ட்ராக்டர்காரரிடம் ஆண்டுக்கு மூன்று முறை ஸ்லாஷர் அடிக்கச் சொன்னால் செலவு பழைய வண்டியின் பேட்டரிக்கும் டயருக்கும் ஆவதைவிடக் குறையும். அவர் உறவும் நல்லது. யானை இறங்கிய செய்தி முதலில் அவருக்குத்தான் தெரியும். ராகி அறுவடைக் காலத்தில் அந்த ஒரு போன் வேலியைவிடப் பெரிது.

வாங்குவதென்று முடிவானால், பார்க்கப் போகும்போது தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணனைக் கூட்டிப் போங்கள். நீங்கள் மாதம் இரண்டு நாள் ஓட்டுவீர்கள், மீதி அவர்தான். அவர் கால் கிளட்சுக்கு எட்டுகிறதா, இருக்கையில் உட்கார்ந்து பின்னால் திரும்பிக் கருவியைப் பார்க்க முடிகிறதா என்பதை அவரை ஏற்றி ஓட்டச் சொல்லிப் பாருங்கள். அவர் இறங்கி வந்து கியர் கடினமாக விழுகிறது என்று சொன்னால், விற்பவரிடம் என்ன பேசியிருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.